போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது இரண்டா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் முதன்முறையாகப் போகிறோம். சென்னையில் இரவு 11.15க்குக் கிளம்பும் விமானம் காலை 6 மணிக்குப் போய்ச் சேருமாம். திரும்பும்போது இரவு 8.10க்குக் கிளம்பி 9.55க்கே சென்னை வந்துவிடும் என்று போட்டிருக்கிறது. ஒரே தூரத்துக்கு இத்தனை வித்தியாசமா? கொழும்பில் மாறிப் போனால் ஒருவருக்கு 4,000 ரூபாய் குறைகிறது. ஆனால் அங்கே ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். வாங்கலாமா?

- செங்கல்பட்டு வாசகர்

பதில்: போக, வர இரண்டுமே நாலேகால் மணி நேரம்தான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது தெரியும் ஆறே முக்காலில் அதைக் கழியுங்கள், வரும்போது தெரியும் ஒன்றே முக்காலோடு கூட்டுங்கள், சரியாக வரும். (காலை 6 மணிக்கு இறங்கினால் வெளியே இருட்டாகத்தான் இருக்கும். அங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும்.)

இந்த நாலேகால் மணி நேரமும் வானத்தில் கழிவதில்லை. விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வது முதல் போய்ச் சேர்ந்து நிற்பது வரை கணக்கு. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, தாமதத்துக்கென்று நிறுவனம் சேர்க்கும் சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

கொழும்பு விஷயத்துக்கு வருவோம். சென்னை–சிங்கப்பூர் நேர்வழி சுமார் 2,900 கிலோமீட்டர். கொழும்பு வழியாக 3,400 வரும். கூடுதல் தூரம் 500தான், பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் சென்னை–கொழும்பு ஒன்றரை மணி, காத்திருப்பு ஐந்து, அப்புறம் நாலு மணி நேரம் என்று மொத்தம் பத்தரை மணி நேரம் ஆகிவிடும். அதுவும் ராத்திரியில். 4,000 ரூபாய்க்காக நான் இதை வாங்க மாட்டேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால், இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் உங்களைக் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் புது டிக்கெட் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று. 11.15க்குப் பதில் நள்ளிரவு 12.40 விமானத்தை எடுத்தால் தேதியை இரண்டு முறை பாருங்கள். 15ஆம் தேதி 12.40 என்றால் 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு.