அமெரிக்காவில் எல்பிஎன் (உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர்) பணியிலிருந்து ஆர்என் (பதிவுபெற்ற செவிலியர்) ஆவது எப்படி?

எல்பிஎன் உரிமம் இருந்தால் ஆர்என் ஆவதற்கான பிரிட்ஜ் (இணைப்பு) படிப்பில் தொடக்கநிலைச் செவிலியப் பாடங்கள் சிலவற்றுக்கு விலக்கு கிடைக்கும். அசோசியேட் பட்டத்துக்கு (இளநிலைக்கு ஒரு படி கீழான பட்டம்) பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு. பிஎஸ்என் (செவிலிய இளநிலைப் பட்டம்) என்றால் இன்னும் நீளும். பிறகு ஆர்என் உரிமத்துக்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வு.

பலர் சறுக்குவது சேர்க்கைக்கு முன்பே. உடற்கூறியல், நுண்ணுயிரியல் படித்துப் பல வருடம் ஆகியிருந்தால், அந்த மதிப்பெண்களை ஏற்காமல் மறுபடி படிக்கச் சொல்லும் கல்லூரிகள் நிறைய. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். படிப்புக்கு மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல் உண்டா என்பதையும் வாரியத்தின் தளத்திலேயே பாருங்கள், கல்லூரி விளம்பரத்தில் அல்ல.

கலிபோர்னியாவில் எல்பிஎன்னை எல்விஎன் என்பார்கள். அங்கே 30 யூனிட் (பாட அலகு) மட்டும் படித்து, பட்டம் இல்லாமலே தேர்வு எழுத ஒரு வழி உண்டு. அப்படிக் கிடைக்கும் ஆர்என் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்பதில்லை. வேறு மாநிலம் போகும் எண்ணம் துளி இருந்தாலும் அந்த வழி வேண்டாம்.