முளைக்காத பார்லியும் களைக்கொல்லிப் பயமும்

குழந்தைக்கு மால்ட் கஞ்சி (முளைகட்டிய தானியக் கஞ்சி) செய்ய மதுரை கீழமாசி வீதியில் வாங்கி ஊறவைத்த பார்லி மூன்று நாள் ஆகியும் முளைக்கவில்லையே, களைக்கொல்லி அடித்ததாலா என்று கேட்டிருக்கிறீர்கள். களைக்கொல்லி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மளிகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கஞ்சிக்காகத் தீட்டிய பார்லி. உமியோடு, முளைவிடும் கருவும் தேய்ந்து போயிருக்கும். ஊற ஊறப் புளிக்குமே தவிர முளைக்காது.

ஒரு மணியை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, வழவழப்பாக, நடுவில் கோடு மட்டும் தெரிந்தால் தீட்டியதுதான். உமியோடு உள்ள முழுப் பார்லி கேட்டு வாங்கி, நூறு மணியை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி, எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஆனால் விதைக்கடையில் வாங்காதீர்கள், விதையில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம்.

முளைகட்டிய பார்லியில் செய்யும் கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் காய்ச்சும் பீர்) பற்றிய களைக்கொல்லிச் செய்தியைப் படித்து நீங்கள் பயந்ததில் தப்பில்லை. அறுவடைக்கு முன் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் முளைப்புத்திறன் குறையும் என்பது உண்மை. 2016-இல் மியூனிக்கில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு சோதித்த 14 ஜெர்மன் பீர்களிலும் அதன் எச்சம் இருந்தது. அதிகபட்சம் லிட்டருக்கு 29.74 மைக்ரோகிராம். அது உடல்நலத்தைப் பாதிக்கும் அளவல்ல என்றது அந்நாட்டு அரசு நிறுவனம்.

ஆனால் முளைத்துவிட்டது என்பதற்காக எச்சமே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். அதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும்.

குழந்தைக்கு மால்ட் கஞ்சிதான் வேண்டுமென்றால், தெரிந்த விவசாயியிடம் கேழ்வரகு வாங்குங்கள். ஊறவைத்துக் கட்டினால் ஓரிரு நாளில் முளைத்துவிடும்.