கார் ரூஃப் துணி தொங்குதா?

கேள்வி: எங்கள் கார் 2010-ல் வாங்கியது. ஆறு மாதமாக உள்பக்க ரூஃப் துணி கழன்று, பின்சீட்டில் உட்காருபவர் தலையில் இடிக்கிறது. மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை வைத்து ஒட்டினேன், இரண்டே நாளில் விட்டுவிட்டது, கறையும் விழுந்துவிட்டது. வீட்டிலேயே சரிசெய்ய வழி இருக்கிறதா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கூட ஒரு ஆளும் வேண்டும். முதலில் அந்தத் துணியை விலக்கி உள்ளே இருக்கும் அட்டையை விரலால் தேய்த்துப் பாருங்கள், மஞ்சள்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். துணிக்குப் பின்னால் இருந்த மெல்லிய ஸ்பாஞ்ச்தான் அது. வருஷக்கணக்கில் வெயில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து மட்கிப் பொடியாகிவிட்டது. அந்தப் பொடிமேல் எந்தப் பசையைப் போட்டாலும் புட்டுமாவில் ஸ்டிக்கர் ஒட்டிய கதைதான். அதனால் பழைய துணியைத் திரும்ப ஒட்ட வேண்டாம், புதுத் துணிதான் போட வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வெயில் மறைக்கும் சன் வைசர், கைப்பிடி, உள்விளக்கு, ஓரத்து பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுங்கள். கதவுக்கு மேலே பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார் என்றால் இதில் கை வைக்காதீர்கள், அட்டையைக் கழற்றி மாட்டும் வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் செய்துகொள்ளலாம். முன்சீட்டுகளைச் சாய்த்துவிட்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, அட்டையை மடக்காமல் வெளியே எடுக்க வேண்டும், டிக்கி கதவு காருக்குள்ளேயே திறக்கும் கார் என்றால் அதன் வழியாக, இல்லையென்றால் முன்கதவு வழியாக. ஒருமுறை மடங்கினால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

அடுத்தது சுரண்டும் வேலை. மாஸ்க் போட்டுக்கொண்டு, பழைய துணியை உரித்துவிட்டு, அட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் தூளை துணி துவைக்கும் பிரஷ்ஷால் தண்ணீர் படாமல் தேயுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், பாதியில் போதும் என்று தோன்றும், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உள்ளங்கையால் தடவினால் தூள் ஒட்டக்கூடாது, அதுவரைக்கும் தேய்த்தாக வேண்டும். நாலு வருஷம் நிற்குமா நாலு மாதத்தில் விழுமா என்பது இங்கேதான் இருக்கிறது.

சீட் கவர் கடையில் 3 மி.மீ. ஸ்பாஞ்ச் ஒட்டிய ரூஃப் லைனிங் துணி என்று கேளுங்கள், நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். பசை, சூடு தாங்கும் ஸ்ப்ரேயாக இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி சாதாரணமாக வரும், எவ்வளவு சூடு தாங்கும் என்று டின்னில் பார்த்து வாங்குங்கள்.

துணியை அட்டைமேல் விரித்து, பாதியை மடித்துப் போட்டு, அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் ஸ்ப்ரே அடியுங்கள். விரலில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும் பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள், அப்புறம் மறுபாதி. பள்ளமான இடங்களில் துணியை இழுத்துவிட்டால் முதலில் கழல்வது அங்கேதான், விரலால் பள்ளத்துக்குள் தள்ளி ஒட்டுங்கள். மிச்சத்தைப் பின்பக்கம் மடித்து ஒட்டி ஒருநாள் காயவிடுங்கள். விளக்குத் துளையை வட்டமாக வெட்டிவிடாதீர்கள், பிளேடால் பெருக்கல் குறி போட்டு நாலு முனையையும் பின்னால் மடித்தால் ஓரம் பிரியாது.