சம்பளம், பரிசு கூட்டினால் காவலர்கள் வேலையில் நிற்பார்களா?

நிற்பார்கள், ஆனால் எந்தப் பணம், எப்போது கைக்கு வருகிறது என்பதுதான் விஷயம். புதிதாக வேலையில் சேர்கிற இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது, குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளர் ஆனால் 19,500. பத்து மணிக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலைக்கே கூடுதல் சம்பளம் என்றால், ராயபுரத்தில் ராத்திரி ரோந்து போகிற 25 வயதுப் பையன் பரீட்சைக்குப் படிக்கத்தானே செய்வான்?

பொங்கலுக்கு முதலமைச்சர் காவலர் பதக்கம் கொடுக்கிறார்கள், அதோடு மாதம் 400 ரூபாய் படியும் உண்டு. மரியாதை பெரிது, சரி, ஆனால் 400 ரூபாய்க்காக யாரும் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். முதல் நிலைக் காவலராகப் பதவி உயர்வு கிடைக்க 10 வருஷம் காத்திருக்க வேண்டும், ஆள் கழன்றுகொள்வது அந்த இடைவெளியில்தான். அதனால் மூன்றாவது, ஐந்தாவது வருஷத்திலேயே ஒரு தொகை கொடுப்பது பலன் தரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வீடு. வடசென்னை ஸ்டேஷனில் வேலை பார்ப்பவருக்குக் கொண்டித்தோப்பு குடியிருப்பில் இடம் கிடைத்தால் வாடகை, அட்வான்ஸ், போக்குவரத்து எல்லாம் மிச்சம், அதுவும் சம்பளம்தான்.

வார விடுமுறைக்கு 2021-லேயே அரசாணை வந்துவிட்டது. ஆனால் தீபாவளி நேரத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கூட்டத்தில் காலையிலிருந்து கயிறு பிடித்து நிற்பவருக்கு அந்த வாரம் லீவு எங்கே? அந்த நாளுக்கான பணத்தை அதே மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள்.