கவுன்டி கமிஷனர் ஆக ஆசைப்படும் மகளுக்கு என்ன சொல்வது?

ஹூஸ்டன் அருகே கேட்டியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் மருத்துவமும் வேண்டாம், கணினியும் வேண்டாம், கவுன்டி கமிஷனர் ஆக வேண்டும் என்கிறாள். “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான் அம்மா. அதன் பலனும் பழுதும் உங்கள் வீட்டு வாசலிலேயே தெரியும்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு மாவட்டம் என்றதும் கலெக்டர்தான் நினைவுக்கு வருவார். தேர்வெழுதி வந்தவர், அரசு நியமித்தவர், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாகிப் போகிறவர். டெக்சஸில் அப்படியில்லை. நம் மாவட்டம் போன்ற பிரிவுக்கு அங்கே கவுன்டி என்று பெயர். அங்குள்ள 254 கவுன்டிகளிலும் தலைமை வகிக்கும் ஒரு கவுன்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள் என ஐந்து பேரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 4 ஆண்டுகள். இவர்கள் கூடும் அவைக்கு கமிஷனர்ஸ் கோர்ட் என்று பெயர். பெயரில்தான் கோர்ட் இருக்கிறது. அங்கே நடப்பது பட்ஜெட் போடுவது, சொத்து வரி விகிதத்தை முடிவு செய்வது, ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவது. கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிபையும், ஆவணங்களைக் கவனிக்கும் கவுன்டி கிளார்க்கையும் மக்களே தேர்ந்தெடுப்பதால், கமிஷனர் அவர்களுக்கு மேலதிகாரி அல்லர். பணம் ஒதுக்கலாம், அதிகாரம் செலுத்த முடியாது. மேசையைத் தட்டி உத்தரவிடும் பதவி என்று உங்கள் மகள் நினைத்திருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள்.

அந்த வேலையின் உண்மையான கடினம் எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்வதுதான். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேர் வசிக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அடித்தது. சரியாக ஓராண்டு கழித்து, 250 கோடி டாலர் வெள்ளத் தடுப்புக் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். பணம் வந்தது. எந்தக் கால்வாயை முதலில் அகலப்படுத்துவது? தவிர்க்கப்படும் சேதத்தின் மதிப்பைச் செலவோடு ஒப்பிடுவது வழக்கமான கணக்கு. பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் விலை உயர்ந்த வீடுகள் இருக்கும் பகுதியில் சேதத்தின் மதிப்பும் உயர்வாகவே இருக்கும். ஆகவே ஏழைகள் வாழும் தெருக்கள் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். 2019இல் அந்த அவை, வெள்ளத்திலிருந்து மீண்டெழும் வசதி குறைந்தவர்களின் நிலையையும் கணக்கில் சேர்த்து முன்னுரிமை வகுத்தது. அதைச் சரி என்றவர்களும் உண்டு, கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு.

அந்த அவையில் ஒருநாள் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். வயதான பெண்மணி ஒருவர் ஒலிவாங்கி முன் வந்து ஒரு புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்தார். சுவரில் மின்சுவிட்சுக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர் நின்ற உயரம். அவருக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது, கையை அவர் இறக்கவில்லை. ஐந்து பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உங்கள் மகளை அப்படி ஒரு கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகும் அவளுக்கு அதே ஆசை இருந்தால் அது நிலைக்கும் ஆசை.

“சின்னப் பெண்ணை யார் மதிப்பார்கள்?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொலம்பியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லினா ஹிடால்கோ, 2018இல் ஹாரிஸ் கவுன்டி ஜட்ஜாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 27. பதவியேற்ற மூன்றாம் மாதமே அந்தக் கவுன்டியில் உள்ள டீர் பார்க் என்ற ஊரில் ரசாயனக் கிடங்கு தீப்பற்றி நாள் கணக்கில் எரிந்தது. டெக்சஸில் கவுன்டியின் பேரிடர் நிர்வாகத்துக்கு ஜட்ஜே தலைவர். வயதைக் காரணம் காட்டி ஒதுங்கிவிட முடியாது.

படிப்பைப் பற்றி என் கருத்து கறாரானது. அரசியல் அறிவியலை மட்டும் நம்ப வேண்டாம். சிவில் இன்ஜினியரிங், கணக்கியல், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஒன்று கையில் இருக்கட்டும். வடிகால் வரைபடத்தையோ பட்ஜெட் அட்டவணையையோ தானே படிக்கத் தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. பிறகு பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்கலாம். ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் லிண்டன் பி. ஜான்சன் (எல்.பி.ஜே.) பள்ளி இதற்கென்றே இருக்கிறது. தேர்தலில் நிற்பது பிறகு பார்த்துக்கொள்ளக் கூடியது. முதலில் கவுன்டி அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும்.

வருமானம்? மென்பொருள் துறை அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஓய்வூதியம் உண்டு. பத்தாண்டு அரசுப் பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளை ஒழுங்காகக் கட்டினால், மத்திய அரசின் கல்விக் கடனில் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் உண்டு. தேர்தலில் தோற்றாலும் படித்த தொழில் கையை விட்டுப் போகாது. நான் தொழிற்படிப்பை வற்புறுத்துவது அதற்காகத்தான்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டெக்சஸில் 16 வயது நிரம்பிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாக்குச்சாவடியில் மாணவர் தேர்தல் எழுத்தராகப் பணியாற்றலாம். அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும், பள்ளியின் அனுமதியும் வேண்டும். வாக்காளர் வரிசையைச் சமாளிப்பது, கோபத்தில் வருபவரிடம் பொறுமையாகப் பேசுவது, இரவு கடைசி வேலை முடியும்வரை காத்திருப்பது எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். அதற்குப் பெற்றோரின் சம்மதமும் தேவை. அடுத்த தேர்தலுக்கு அவள் படிவத்தோடு வந்து நின்றால், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் அம்மா.