பெற்றோலுக்குள் ஊற்றும் போத்தல்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்?

தண்ணிப் பம்ப், ஜெனரேட்டர், புல்லு வெட்டுற மெசின், வள்ளத்து இஞ்சின் என்று சின்ன இஞ்சின் வைத்திருப்பவர்கள் பலர் ஒரே விசயத்தைக் கேட்டிருக்கிறார்கள். பெற்றோலில் கலக்கச் சொல்லிக் கடைகளில் விற்கும் போத்தல்களை நம்பி வாங்கலாமா என்பதுதான் அது. இந்த முறை அதை மட்டும் பார்ப்போம்.

கேள்வி: அண்ணா, சிறுபோகம் முடிந்ததும் பம்பைக் கழுவித் துடைத்துக் கொட்டிலுக்குள் வைத்தேன். இப்ப மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க எடுத்தால், கயிறு இழுத்து இழுத்துக் கை விட்டுப் போச்சு, ஸ்டார்ட் ஆகுதில்லை. டவுனில் ஒரு கடையில் 1,800 ரூபாவுக்கு ஒரு போத்தலைக் காட்டி, டாங்குக்குள் ஊற்றினால் காபரேட்டர் தானாகவே கிளீன் ஆகிவிடும் என்கிறார்கள். வாங்கவா? (வெல்லாவெளி)

பதில்: வேண்டாம் தம்பி, இந்த வருத்தத்துக்கு அந்த மருந்து இல்லை.

பெற்றோல் நாள்பட்டால் அதிலுள்ள இலேசான பகுதி ஆவியாகிப் போகும், மிச்சம் காற்றுப்பட்டுப் பிசினாக மாறும். உங்கள் பம்பில் காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மாதக்கணக்காகத் தேங்கிக் கிடந்த அந்தக் கொஞ்சப் பெற்றோல்தான் பெரும்பாலும் இஞ்சினுக்குப் பெற்றோல் விடும் ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டின் துவாரம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, அதை மூட ஒரு துளிப் பிசின் போதும். அடைபட்ட ஜெட் வழியாகப் பெற்றோலே போகவில்லை என்றால், பெற்றோலில் கலந்த மருந்து மட்டும் எந்த வழியால் போகும்? கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் டாங்கை வெறுமையாக்கிப் புதுப் பெற்றோல் விட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, எயார் பில்டரையும் ஒருதரம் பார்த்துவிட்டு இழுங்கள், சில நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும். சரிவராவிட்டால் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைக் காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதவேண்டும். கம்பி, ஊசி விட்டுக் குத்தக்கூடாது. ஜெட் பித்தளை, துவாரம் பெருத்துவிட்டால் அதற்குப் பிறகு இஞ்சின் அளவுக்கு மீறிக் குடித்துக் கறுப்புப் புகை தள்ளும். கைப்பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக் பாஸிடம் கொடுங்கள், அந்த 1,800 ரூபா அவருக்குப் போனால் பிரயோசனம் உண்டு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று கானில் பிடித்து ஒளித்து வைத்த பெற்றோலைக் கனநாள் கழித்து ஊற்றிவிட்டு வந்தவர்களின் கதையை அவரே சொல்லுவார்.

அடுத்த முறை பம்பை வைக்கும்போது டாங்கை வடித்து, பெற்றோல் திறப்பைப் பூட்டி, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். காசு செலவில்லாத வேலை. போகத்துக்குப் போகம் எடுக்கிற பம்புக்கு இதைவிடப் பெரிய மருந்து எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்படியென்றால் பெற்றோல் கெடாமல் வைத்திருக்கும் ஸ்டெபிலைசர் என்று விற்பதும் ஏமாற்றா சேர்? எனக்குக் கடையில் ஃபிரீசர் இருக்கிறது, கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் ஓடவேண்டும், டாங்கை வடித்து வைக்க முடியாது. (காத்தான்குடி)

பதில்: இல்லை, உங்களுக்கு அது பொருந்தும். போத்தல்களுக்குள் நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் வகை இது ஒன்றுதான், அதுவும் உங்களைப்போல எந்நேரமும் டாங்கில் பெற்றோலோடு ஆயத்தமாக நிற்க வேண்டியவர்களுக்கு. 1978 நவம்பரில் கிழக்கைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்து வாங்குங்கள். அதிலுள்ள இரசாயனம் பெற்றோல் காற்றோடு சேர்ந்து பிசினாவதைப் பிந்தவைக்கும், அவ்வளவுதான். கெட்டுப்போன பெற்றோலைத் திருப்பி நல்லதாக்காது. ஆகவே ஷெட்டில் அடித்த அன்றைக்கே கலக்கவேண்டும், கலந்த பிறகு ஜெனரேட்டரைப் பத்து நிமிசமாவது ஓடவிடவேண்டும், இல்லையென்றால் காபரேட்டருக்குள் பழைய பெற்றோல் அப்படியே நிற்கும், மருந்து டாங்கில் கிடக்கும். அளவு லேபிளில் உள்ளபடிதான், ஃபார்மசியில் ஒரு சிரிஞ்ச் வாங்கி அளந்து விடுங்கள், கூட ஊற்றினால் கூட வேலை செய்யும் என்று இல்லை. லேபிளில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு நான் அதை அப்படியே எடுக்கமாட்டேன், ஆறு மாதத்துக்குள் அந்தப் பெற்றோலை ஓட்டி முடித்துவிட்டுப் புதிது போடுங்கள். மாதம் ஒருதரம் ஃபிரீசரை மாட்டி, சுமையோடு சிறிது நேரம் ஓடவிட்டால் இன்னும் நல்லது. கானை நிழலில், பெற்றோல் விரிவதற்குக் கொஞ்ச இடம் மட்டும் விட்டு நிரப்பி இறுக்கி மூடி வையுங்கள், உள்ளே காற்று குறைந்தால் கெடுவதும் குறையும்.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. தமிழ்நாட்டு வீடியோக்களில் பெற்றோலுக்கு அடியில் தண்ணீர் பிரிந்து நிற்பதைக் காட்டி இந்தப் போத்தல்களை விற்கிறார்கள். அங்கே 20 சதவீதம் எதனோல் கலந்த பெற்றோல் விற்கிறார்கள், எதனோல் ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மீறி இழுத்தால் பிரிந்து அடியில் இறங்கும். அது அந்தப் பெற்றோலின் பிரச்சினை. அந்த வீடியோவைக் காட்டி இங்கே ஒருவர் விற்க வந்தால் இரண்டாம் தரம் யோசியுங்கள்.

கேள்வி: புல்லு வெட்டுற மெசினுக்கு ஒக்டேன் 95 அடித்தால் அல்லது ஒக்டேன் பூஸ்டர் கலந்தால் இழுவை கூடுமா காக்கா? (சம்மாந்துறை)

பதில்: கூடாது. ஒக்டேன் என்பது பெற்றோல் நேரத்துக்கு முன்னே தட்டி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் அளவு, அது பலத்தின் அளவு இல்லை. எல்லாப் பட்டறையிலும் காணக்கூடிய ஹொண்டா ஜிஎக்ஸ் இஞ்சின்களுக்கு அந்தக் கொம்பனியே கேட்பது ஆகக் குறைந்தது 91. நம்ம ஷெட்டில் 92 இருக்கிறது, உங்கள் மெசினின் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இதே கதைதான். இழுவை குறைந்திருந்தால் எயார் பில்டரையும் சைலன்சர் வாயில் படிந்த கரியையும் பாருங்கள்.

கேள்வி: வாவியில் வலை போடுகிறோம், டூ ஸ்ட்ரோக் வள்ளத்து இஞ்சின். ஒரு போத்தல் மருந்து கலந்தால், பெற்றோலில் கலக்கும் டூ டி ஒயிலை அரைவாசியாகக் குறைக்கலாம் என்று ஒருவர் சொல்லுகிறார். மழை நாளில் இஞ்சின் விக்கி விக்கி நிற்பதும் சரியாகும் என்கிறார். (வாழைச்சேனை)

பதில்: அண்ணே, ஒயிலில் மட்டும் கை வைக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேறு ஒயில் கிடையாது, பெற்றோலோடு வருவதுதான் எல்லாம். 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் என்று கேட்கும் இஞ்சினுக்கு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. அதைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் காசு ஒரு பிஸ்டன் இறுகினால் வட்டியோடு போய்விடும். இன்னொன்று, மோட்டார் சைக்கிளுக்கான டூ டி ஒயிலும் தண்ணீரால் குளிரும் வள்ளத்து இஞ்சினுக்கான ஒயிலும் ஒன்றல்ல, போத்தலில் டீசி டபிள்யூ 3 (TC-W3) என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விக்கி நிற்பதற்குக் காரணம் தண்ணீராக இருக்கலாம். கானின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, நெருப்புக்குத் தூரத்தில் ஒரு இரவு வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். தண்ணீர் எடுக்கும் மருந்து என்று விற்பதில் பல ஸ்பிரிட் வகைதான், அது ஈரப்பசைக்குச் சரி, கரண்டிக்கணக்கில் தண்ணீர் நின்றால் அதால் ஏலாது. டாங்கை வடித்து, மூடியின் வாசரை மாற்றி, வழியில் ஒரு தண்ணீர் பிரிக்கும் பில்டரைப் பூட்டினால் கதை முடிந்தது.

கேள்வி: 30 வீதம் பெற்றோல் மிச்சம் என்று எழுதிய மாத்திரை வாங்கி ஏமாந்தேன். பில்லும் தரவில்லை. (அக்கரைப்பற்று)

பதில்: அமெரிக்க அரசின் சுற்றாடல் நிறுவனம் இப்படிப் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட 100க்கு மேற்பட்ட சாமான்களைப் பரிசோதித்தும், குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய மிச்சம் எதிலும் காணவில்லை. ஆகவே 30 என்று கண்டதுமே கையை எடுத்துவிடலாம். பில் விசயம் வேறு, கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. இறக்குமதி செய்தவரின் பெயர், விலை, திகதி இல்லாத பெட்டி என்றால் அதைப் படம் எடுத்து வையுங்கள், பெட்டியை எறிய வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, அழைத்துச் சொல்லுங்கள். எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், அதற்கு முன் ஒருதரம் கடைக்குப் போய்ப் பில் கேட்டுப் பாருங்கள், 1977 என்று சொன்னதும் பில் புத்தகம் தேடும் கடைகள் உண்டு.