துயர நாவல்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: சமீபத்தில் கையில் எடுத்த நாவல்கள் அத்தனையும் சாவு, வறுமை, துரோகம். மனசு பாரமாகிவிட்டது. கொஞ்ச நாள் வாசிப்பையே நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், வரிசையை மாற்றுங்கள் போதும். என் அனுபவத்தில், கதாபாத்திரங்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லாத நாவல்தான் ஆளைச் சோர்வடைய வைக்கும். கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோட்’ (2006) எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கச் சாம்பல். அப்பாவும் மகனும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். மிச்சமிருந்த கோகோவை மகனுக்குக் கலந்து கொடுத்துவிட்டு, அப்பா தன் கோப்பையில் வெறும் வெந்நீரை ஊற்றிக்கொள்வார். பையன் பார்த்துவிடுவான். இப்படிச் செய்ய மாட்டேன் என்று சொன்னீர்களே, சின்ன வாக்கை மீறுகிறவர் பெரிய வாக்கையும் மீறுவார் என்று சண்டைக்கு வருவான். அந்த இருட்டிலும் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள ஏதோ மிச்சம் இருக்கிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் (1994) துணி வெளுக்கும் ஆரோக்கியம் ஓயாமல் உழைத்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது.

ஒரு எச்சரிக்கை: முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பாதி முன்னுரைகள் முடிவைப் போட்டு உடைத்துவிடுகின்றன.

கேள்வி: ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ முழுத் தோல்வியில்தானே முடிகிறது?

பதில்: கதை அப்படித்தான் முடிகிறது. பின்னிணைப்பையும் படியுங்கள். கதையில் வரும் சர்வாதிகார ஆட்சியின் மொழியைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறது. அந்த ஆட்சி பிற்பாடு ஒழிந்துவிட்டது என்றும் படிக்கலாம்.

கேள்வி: தாமஸ் ஹார்டியின் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ படித்தேன். அந்தக் குழந்தைகளின் சாவு வாசகனை அழவைக்கச் செய்த தந்திரம் இல்லையா?

பதில்: இல்லை. முந்தின இரவைத் திரும்பப் படியுங்கள். பிள்ளைகள் இருப்பதால் தங்க இடம் கிடைக்கவில்லை. ஜூடின் மூத்த பையன், கல்யாணம் செய்யாமல் ஜூடோடு வாழும் சூவிடம் காரணம் கேட்கிறான். அவள் பெரியவர்களிடம் பேசுவதுபோல் அவனிடம் பேசுகிறாள், இன்னொரு குழந்தையும் வரப்போகிறது என்கிறாள். அவன் ஆத்திரப்படுகிறான். மறுநாள் மற்ற பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தானும் உயிரை விடுகிறான். ஒவ்வொரு படியையும் ஹார்டி நம் கண்முன்னேதான் வைக்கிறார்.

கேள்வி: (அதே நபர்) ஏற்க முடியாது. ஒரு சிறுவன் அப்படி முடிவெடுப்பான் என்று நம்பவைக்க அந்தப் பேச்சு போதாது.

பதில்: உங்கள் குறை நியாயமானது, ஆனால் இடம் வேறு. சாவுக்குப் பிறகு ஒரு மருத்துவரின் கருத்து வருகிறதே, வாழ விருப்பமில்லாத பிள்ளைகள் இனிப் பெருகுவார்கள் என்று? அங்கேதான் ஹார்டி பையனை விட்டுவிட்டுத் தன் கொள்கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தச் சில வரிகளை எடுத்துவிட்டால் அத்தியாயம் இன்னும் உக்கிரமாக நிற்கும்.

கேள்வி: (இன்னொருவர்) அந்த மருத்துவர் இல்லாவிட்டால் அது வெறும் ஒரு குடும்பத்தின் விபத்தாகிவிடும். அவர் வேண்டும்.

பதில்: ஒரு குடும்பத்தின் கதையாக இருந்தால் என்ன குறை? தங்க இடம் தர மறுத்தவர்கள், கல்யாணச் சட்டம், ஜூடுக்குத் திறக்காத கல்லூரிக் கதவு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. 1895இல் நூலாக வந்தபோது ஒரு பிஷப் அதை எரித்ததாகச் சொன்னாரே, அந்த மருத்துவர் வாக்கியத்துக்காகவா? திருமணத்தைக் கேள்வி கேட்ட இந்தக் குடும்பம்தான் சுட்டிருக்கும். ஹார்டி அதற்குப் பிறகு புதிதாக நாவல் எழுதாமல் கவிதைப் பக்கம் போய்விட்டார். அந்த இழப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: துயர நாவல் படித்தால் தூக்கம் வருவதில்லை. புத்தகத்தை மூடிய பிறகும், வாரக்கணக்கில்.

பதில்: இதைப் புத்தகத்தால் சரிசெய்ய முடியாது. நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். நாவல் காத்திருக்கும்.

கேள்வி: சோகமே இல்லாத நல்ல நாவல் உண்டா?

பதில்: உண்டு, நிறைய. ஆனால் அது வேறு பட்டியல்.

கேள்வி: தொடர்ந்து சோகமாகவே வாசிக்கிறேன், நிறுத்திவிடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சரி, அடுத்து எது?

பதில்: காம்யுவின் ‘கொள்ளைநோய்’ (1947). அதில் கிராண்ட் என்ற குமாஸ்தா வருகிறார். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது மாலையில் நோய்த்தடுப்புக் குழுவின் கணக்கைப் பார்ப்பார், இரவில் தன் நாவலின் முதல் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எழுதுவார். மறுபடியும் சொல்கிறேன், முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்.